இறங்கும் ஓசை

ஏறினால் வந்துவிட்டது,
இறங்கினால் போய்விட்டது.
இரண்டே சுரம்.
மே மாதத்தில் பத்தொன்பது நாள்
நான் அதிகம் கேட்டது இறங்குவதை.

காலடியில் மிதிகட்டை.
மிதித்தால் டாக்டர் பேசுவார்,
எடுத்தால் நிறுத்துவார்.
வேறெந்த டாக்டரும் என் சொல்லை
இவ்வளவு கேட்டதில்லை.
“நோயாளிக்கு நேற்றிரவிலிருந்து இடது பக்க…”
டு-டுங்.
இடது பக்க என்ன?
தோளா, மார்பா, தொடையா?
யாரோ ஒருவர் என் ஹெட்செட்டுக்குள்
பாதி உடம்போடு படுத்திருக்கிறார்.
வரிக்கு இவ்வளவு என்றுதான் கூலி.
பாதி வரிக்குக் கிடையாது.

முன்பக்க ஓட்டையிலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றினேன்.
பின்பக்கம் ஆறு, ஆறிலும் பார்த்தாயிற்று.
லாங் பஜாரில் நூற்றெண்பது ரூபாய்க்குப் புது ஒயர்.
“ஒரிஜினல் மாதிரியே இருக்கும்க்கா” என்றான் கடைப் பையன்.
மாதிரியே இருந்தது.
மாதிரியே அறுந்தது.

டிரைவரை அழித்து மறுபடி போட்டேன்.
மின்சாரம் மிச்சம் பிடிக்க
இந்தக் கருவியை அணைத்துக்கொள்ளலாம் என்று
என்னைக் கேட்காமலே போட்டிருந்த டிக்கை எடுத்தேன்.
ஏழு பெட்டிக்குள் ஏழு டிக்.
அன்று மதியம் வரை டாக்டர் தடையில்லாமல் பேசினார்.
மூன்று பித்தப்பைக் கற்களை
முழுசாக அடித்து முடித்தேன்.
மூன்றே காலுக்கு டு-டுங்.

பிறகுதான் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்
மணி எழுதத் தொடங்கினேன்.
காலை 6.10. 6.12. மறுபடி 6.12.
மதியம் 3.15.
இரவு 9.40.
காட்பாடி ரயிலோ என்று சந்தேகம்.
சத்துவாச்சாரிக்கு அது கேட்கக்கூடக் கேட்காது.
ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.
தயிர் புளித்தது, வேறொன்றுமில்லை.
ஞாயிற்றுக்கிழமை 6.10 வரவில்லை, 8.30 வந்தது.
ஞாயிறு மட்டும் எட்டரைக்கு எழுந்திருப்பது யார்?
தலைக்குமேல் தொட்டியில்
தண்ணீர் விழுகிற சத்தம்.

முனிரத்தினம்.
கீழ்வீட்டிலிருந்து போர் மோட்டார் போடுகிறவர்.
நாலாம் தேதி வாடகைக்குத் தவிர
என்னோடு பேச்சில்லாதவர்,
தினம் மூன்று வேளை என் டாக்டரின் வாயை அடைத்திருக்கிறார்.

இன்னொன்றும் இருந்தது, சொல்ல வெட்கம்.
வெறுங்கால் சிபியு தகரத்தில் படும்போதெல்லாம்
கட்டெறும்பு போல ஒரு சுருக்.
வயசு என்று இருந்துவிட்டேன்.
ஒருவேளை சர்க்கரையோ என்றும் பயந்தேன்.
நாளெல்லாம் அடுத்தவர் நோயை அடிக்கிறவளுக்கு
எல்லா நோயும் தனக்கும் இருக்கும்.

ஷபீர் வந்தார்.
தகரத்தில் டெஸ்டரை வைத்தார், சிவப்பாக மினுங்கியது.
கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை.
கீழே இறங்கிப் போய்
துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில்
ஒரு சிமெண்ட் மூடியைத் தூக்கினார்.
“எர்த் குழி எலும்பாட்டம் காஞ்சி கெடக்குது.
மோட்டார்ல கசியறது எங்கதான் போவும்?
உங்க கால் வழியா போவுது.”

கரி. கல்லுப்பு ஒன்றரைக் கிலோ.
தண்ணீர் எட்டுக் குடம்.
முந்நூறு அடியிலிருந்து
சேறும் காற்றுமாக வருகிற மாதத்தில்
எட்டுக் குடத்தை மண்ணுக்குள் ஊற்று என்றால்!
“இன்னாம்மா, கம்ப்யூட்டருக்குத் தாகமா?” என்றார் முனிரத்தினம்.
ஆமாம் என்றேன்.
ஐந்தோடு நிறுத்திக்கொண்டார்.
மீதி மூன்று என் பங்கிலிருந்து போயிற்று.
குழி குடித்தது.
கடைசிக் குடத்துக்கு ஒரு குமிழி விட்டது, ஏப்பம் போல.

மறுநாள் 6.10.
மோட்டார் உறுமியது.
மிதிகட்டையில் காலை வைத்து மூச்சைப் பிடித்திருந்தேன்.
டாக்டர் நிற்கவில்லை.
யாருடைய மூட்டையோ, இரத்த அழுத்தத்தையோ
இருமல் நடுவே சொல்லிக்கொண்டே போனார்.

அந்த இடது பக்கத்துக்காரரைக் கம்பெனி
எப்போதோ வேறு யாரிடமோ கொடுத்துவிட்டது.
என்ன ஆனார் தெரியாது.

மோட்டார் போடுமுன் இப்போதெல்லாம்
கீழேயிருந்து ஒரு குரல்: “போடட்டுமா?”
போடுங்கள் என்கிறேன்.

பிரிண்டர் மட்டும் இன்னும்
போய்ப் போய் வருகிறது.
அது வேறு நோய்.