இடக்கை, வலக்கை

ஓல்டன் ரயிலடிக்குப் பின்னால்
சாவி வெட்டுகிறவனுக்கும் கெபாப் கடைக்கும் நடுவே
என் நகக் கடை. மூன்று கதிரை, இரண்டு விளக்கு.

மேசையில் இரண்டு சிவப்பு ஜெல்.
ஒன்று நாலு பிராங்க்,
தபாலில் பன்னிரண்டு நிறமாய் வந்தது.
மற்றது இருபத்திரண்டு.
கொண்டுவந்தவர் கழுத்துப்பட்டியோடு நின்று
மூடியைத் திறக்கும் விதத்தையே
கால் மணி நேரம் விளக்கினார்.

இடக்கைக்கு மலிவு, வலக்கைக்கு விலை.
பதினெட்டு நாள்
மீன் கழுவினேன், கிழங்கு சீவினேன்,
வரிப் படிவம் நிரப்பினேன்.
இடக்கையில் ஒன்றும் பெயரவில்லை.
வலது சுட்டுவிரல் நுனி உதிர்ந்தது.
(நான் வலக்கைக்காரி.
அதை யோசிக்கவேயில்லை.)

கணக்குக் கொப்பி நாலு பிராங்கின் பக்கம் சாய்ந்தது.
வாடகை எப்போதோ சாய்ந்துவிட்டது.

அன்று மாலை கேசினி கையுறை கழற்றினாள்.
விரல் நுனிகள்
பூண்டுத் தோலாய் உரிந்து கிடந்தன.
எப்ப இருந்து?
"அந்தப் பெட்டி உடைச்ச கிழமை, அக்கா."
ஏன் சொல்லேல்லை?
"நீங்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தீங்கள்."

வருகிறவளுக்கு முக்கால் மணி நேரம்.
இவளுக்குக் கிழமையில் ஆறு நாள்.

விலைப்பலகையில் அறுபத்தெட்டை அழித்து
எழுபத்தைந்து எழுதினேன்.
ஃபிராவ் எபிஷர் கண்ணாடியை ஏற்றி வாசித்தார்,
ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினார்.
அடுத்த மாதம் வருவாரோ தெரியாது.

மிச்சப் போத்தல்களைக் குப்பையில் போடக் கூடாதாம்.
எடுக்கிற இடம் சனிக்கிழமைதான் திறக்கும்.
அதுவரை அலமாரியில் இருக்கட்டும்.
சும்மா சொல்லக் கூடாது,
நல்ல சிவப்பு.