ஆறாம் மாத ஸ்கேன்

இயந்திரம் இந்தியில் ஏதோ சொல்கிறது.
மூச்சைப் பிடிக்கணுமாம்.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தபசும்
அதைத் தமிழில் சொல்வதற்குள் விட்டுவிட்டேன்.
மறுபடியும்.

அப்புறம் திரையில் என் முதுகு.
நாலு திருகாணியும் வெள்ளையாய் எரிவதில்
பக்கத்து எலும்பே தெரியவில்லை.
டாக்டர் பேனாமுனையால் நடுவில் தொடுகிறார்:
"இங்க, புகை மாதிரி,
எலும்புதான், வளருது.
வலப்பக்கம் இன்னும் சேரல."

இடுப்பில் சுரண்டி எடுத்து வைத்தது
ஆறு மாதத்தில் புகையாகியிருக்கிறது.
நல்ல செய்தியா என்று கேட்கவில்லை;
மூன்று மாதம் கழித்து வரச்சொல்லிவிட்டார்.

வடபழனி மெட்ரோ தூணடியில்
குனியாமல் கால்விரலால்
செருப்பு வாரைத் தேடுகிறேன்.
ஷேர் ஆட்டோ உரசி நிற்கிறது:
"ஏறுக்கா, பின்சீட் காலி."

வளசரவாக்கம் வரை பதினேழு பள்ளம்.
முதுகு எண்ணி வைத்திருக்கிறது.
பெல்ட்டை இறுக்கிக்கொண்டு
புகை கலையாமல்
நடக்கிறேன்.