வேறு காரணங்கள்

அந்தக் கார்ட்டூனை நேற்றிரவு நாலாம் தரம் போட்டான் மகன்.
கறுப்பு வெள்ளை. மழை பெய்வதுபோல் கீறிக் கீறி ஓடும் படம்.
மிருகங்கள் விளையாடும் பேஸ்போல்.
எங்களுக்கு அது எல்லேதான்.
"எல்லே எண்டா மூங்கில் எங்க?" என்ற குறை மட்டும்
இன்னும் தீரவில்லை அவனுக்கு.

நீர்யானை எறிகிறது.
முள்ளம்பன்றி பந்தைப் பிடித்து
மறுகா விட ஏலாமல் முதுகில் குத்தியபடி திரிகிறது.
ஒட்டகச்சிவிங்கிக்கு ஓட்டமே தேவையில்லை,
நின்ற இடத்திலிருந்து கழுத்தை நீட்டிக் கோட்டைத் தொடுகிறது.
நடுவர் ஒரு தவளை.
ஒவ்வொரு அவுட்டுக்கும் வயிறு பூசணிக்காயாய் ஊதும்.
இரண்டு அணியும் அதன்மேல் ஓடி
அப்பளமாக்கிவிட்டுப் போகும்.
அது தன் ஓரத்தைத் தானே கிள்ளி
நிலத்திலிருந்து உரித்தெடுத்துத்
தொப்பியைப் போட்டுக்கொண்டு
அடுத்த பந்துக்கு விரல் தூக்கும்.

"அம்மா, இது நீங்க."
நான் வெள்ளை ரீசேட்டை அயன் பண்ணிக்கொண்டிருந்தேன்.

இன்று வெல்லாவெளி மைதானம், அரையிறுதி.
அடித்த பந்து யதுசனின் கைக்கு வந்துவிட்டது.
மூன்றாம் கம்பம் தாண்டி ஓடிவருகிறான் லோகிதன்,
ஒரே ஒரு ஓட்டம் வேண்டும் அவன் பக்கத்துக்கு.
ஒலிபெருக்கியில் பேரின்பம்
"அன்பார்ந்த ரசிகப் பெரு" வரைக்கும் வந்து
அப்படியே நின்றுபோனார்.

வாய்க்கால் பக்கத்து மின்வேலி
இரண்டு மாதமாய்ச் செத்துக் கிடக்கிறது.
அதைத் தாண்டி
கொம்பில்லாத ஒற்றை யானை
எவரையும் கேளாமல் உள்ளே வந்து
லோகிதனுக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவில் நின்றது.

சுண்ணாம்பை மணந்தது.
மூங்கிலைத் தூக்கிக்
காற்றில் இரண்டு தரம் வீசியது,
ருசி பிடிக்காமல் போட்டது.
யாரோ சிரித்தார். ஒருவர்தான்.

லோகிதனின் அப்பா
போன பெரும்போகத்தில் காவலுக்குப் போனவர்,
வெட்டுக்கு நாலு நாள் இருக்க.
வாடியிலிருந்து அவரை
உழவு மெசின் பெட்டியில்தான் கொண்டுவந்தார்கள்.
ஓரத்தைக் கிள்ளி எழுப்ப
எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இருபதடி.
பொடியன் அசையவில்லை.
காலின் விரல்கள் மட்டும் மணலைப் பிடித்திருந்தன.
விசில் என் பல்லுக்குள்.
ஊதினால் அது எந்தப் பக்கம் கிறுகும்?
யானைவெடியோடு ஓடிவந்த நஸ்வரும்
நெருப்புப் பெட்டியைத் திறந்தபடி நின்றார்.

அது தானாகவே கிறுகியது.
பூவரசில் ஒரு கிளையை முறித்துக்கொண்டு
வந்த வழியால் போனது,
பரிசளிப்புக்கு வந்து
நேரமாகிவிட்ட அதிதியைப் போல.

"ரீச்சர், நான் ஓடுறதா?"

பந்து இன்னும் யதுசனின் கையில்.
எறிந்து பட்டால் அவுட்.
கை உயர்ந்தது.
மறுகா பந்தைக் காற்சட்டையில் துடைத்தான்,
துடைத்துக்கொண்டே இருந்தான்.
லோகிதன் நடந்தான்.
கோட்டைத் தாண்டியதும் குந்திச் சத்தியெடுத்தான்.
நான் ஓட்டம் கொடுத்தேன்.

மண்டூர்க் கப்டன் ஐநூறு ரூபா கட்டி
முறைப்பாடு எழுதியிருக்கிறான்.
யானை நின்ற நேரம் பந்து உயிரோடா, செத்ததா?
நியாயமான கேள்விதான்.
அவனும் பயந்து வேலியேறி நின்றவன்,
அதை எழுதவில்லை.

இப்போது மேசையில் அறிக்கைப் படிவம்.
ஆட்டம் தடைப்பட்ட காரணம்:
மழை. வெளிச்சமின்மை. வேறு.
வேறு என்பதற்கு எதிரே
நாலு விரல் நீளத்துக்கு ஒரு கோடு.

உள்ளறையில் ஐந்தாம் தரம் ஓடுகிறது படம்.
"அம்மா, தவளை எழும்பிட்டு!"
"பார் மனே, பார்."

யானை, என்று எழுதினேன்.
கோட்டில் இன்னும் இடமிருக்கிறது.
பேனையை மூடவில்லை.