அப்புறம் வா

முக்கூடல் மெயின் ரோட்டில்
பீடிக் கம்பெனிக் குடோனுக்கு மேல்மாடி எங்கள் அலுவலகம்.
புகையிலை நெடி ஏறாத பொருள் இங்கே ஒன்றில்லை,
சர்வர் உட்பட.
அதன் காற்றாடியைக் கழற்றித் துடைத்தால்
துணியில் ரெண்டு பீடிக்கான தூள் தேறும்.

சொந்தமாய் வேண்டும் என்றவர் வக்கீல் கோமதிநாயகம்.
அடுத்தவன் பெட்டியில் நம்ம கேஸ்கட்டை வைக்கலாமா என்றார்.
சரி என்றேன்.
அந்தச் சரிக்கு விலை என் காலை ஆறு மணி.

ராத்திரி முழுக்க ஆயிரத்து நூற்று நாற்பது பேர்
கதவைத் தட்டியிருப்பார்கள்.
முடி முளைக்க எண்ணெய்.
நான் வாங்காத லாட்டரியில் எனக்கு விழுந்த பரிசு.
எந்த நாட்டிலோ செத்துப்போன ஜெனரலின் மனைவி
நாற்பது லட்சம் டாலரை வைத்துக்கொண்டு
தூங்க முடியவில்லை, அன்பானவரே, என்கிறாள்.
சவம், எனக்கும்தான் முடியவில்லை.

முதலில் ஒன்று செய்தேன்.
முன்பின் தெரியாத யார் வந்தாலும்
இப்போ முடியாது, அப்புறம் வா என்று
சர்வரைச் சொல்லவைத்தேன்.
நம்ம பக்கம் யாரும் போறேன் என்பதில்லை,
வாரேன் என்றுதான் படியிறங்குவார்கள்.
நிஜக் கடிதமும் அப்படி.
பத்து நிமிஷத்தில் அதே வாசலில் மறுபடி நிற்கும்.
குப்பை கொண்டுவருகிறவனுக்குப் பொறுமை ஏது,
அடுத்த வீட்டுக்கு ஓடிவிடுவான்.
ஒரே வாரத்தில் ஆயிரம் முந்நூறானது.

மீதிக்கு மதிப்பெண்.
அவசரம் என்றால் ஒன்று.
பணம், ஒன்றரை.
வியப்புக்குறி மூன்றைத் தாண்டினால் இன்னொன்று.
உள்ளே எழுத்தே இல்லாமல் படம் மட்டும் இருந்தால் இரண்டு.
ஐந்தைத் தொட்டால் கூடை.
கணக்கில் பெயிலான நான்
ஊருக்கெல்லாம் மார்க் போட்டேன்.

ஆடிக் காற்றில் கரண்டு போய்ப்போய் வந்த ஒரு மத்தியானம்
அரியநாயகிபுரம் வடகாசி மாடியேறி வந்தாள்.
முப்பத்தோரு வருஷம் பீடி சுற்றிய விரலை
என் மேஜையில் ஊன்றினாள்.
'மூணு தடவ எழுதியாச்சு.
செத்தா போயிட்டிய எல்லாரும்?'

தேடினேன். கூடைக்குள் இருந்தாள்.
மூன்று தடவையும்.
பக்கத்து வீட்டுப் பையன் தட்டிக்கொடுத்த தலைப்பு:
அவசரம்!!!! பி.எஃப். பணம் வரல!!!!
உள்ளே பாஸ்புக்கின் கலங்கிய படம்.
ஐந்தரை.

ஜெனரல் மனைவிக்கு எவ்வளவு என்று பார்த்தேன்.
சைபர் புள்ளி எட்டு.
ஒழுங்கான முகவரி, செல்லுபடியாகும் கையொப்பம்,
காற்புள்ளி விழவேண்டிய இடத்தில் காற்புள்ளி.
அப்புறம் வா என்றதற்கும் வந்திருந்தாள்,
வாரேன் என்று சொல்லாமலே.
தருகிறேன் என்றவள் நடுவீட்டில் உட்கார்ந்திருக்க
என் அறுபத்திரண்டாயிரத்தைத் தா என்றவள்
குப்பையில் கிடந்திருக்கிறாள், ஏழு வாரம்.

'நீங்க கத்தி எழுதினதுல
மிஷினு திருட்டுன்னு நெனச்சிட்டு' என்றேன்.
'கத்தாம எழுதினத யாரு படிச்சா இதுவரைக்கும்?' என்றாள்.

அன்று ராத்திரி கூடையிலிருந்து
நாற்பத்தேழு பேரை எடுத்தேன்.
சர்வருக்கு ஒவ்வொன்றாய்க் காட்டினேன்:
இது குப்பையில்லை. இதுவும் இல்லை.
இலை, தூள், நூல், தட்டு, பாஸ்புக்
என்று வந்தால் மார்க்கைக் கழி.
அவசரத்துக்கு இனி சைபர்.
பணத்துக்கும்.

இப்போது குப்பை கொஞ்சம் கூடத்தான் வருகிறது.
எண்ணெய்க்காரன் திரும்பிவிட்டான்,
வழுக்கையைத் தடவிக்கொண்டே வக்கீல் முறைக்கிறார்.
என் ஆறு மணி ஐந்தரையானது.
கம்பெனி கொடுத்த சொத்தை இலையில்
ஓரம் நறுக்கினால் ஒரு பீடி தேறாதா என்று
திருப்பித் திருப்பிப் பார்ப்பார்களே,
அப்படிப் பார்க்கிறேன் கூடையை.

வடகாசிக்குப் பதில் அனுப்பினேன்.
பையனின் பெட்டியை நடத்துகிற பெரிய கம்பெனிக்கு
முக்கூடல் சர்வர் எதுவும் பழக்கமில்லை.
என் கடிதத்தைக் குப்பையில் போட்டது.

தாளில் அடித்து பஸ் ஏறினேன்.
வாங்கி, நாலாய் மடித்து,
மடியிலிருந்த தட்டுக்கு அடியில் செருகினாள்.
சுற்றுவதை நிறுத்தாமல் கேட்டாள்:
'இதுக்கா ராப்பகலா ஒரு மிஷினு ஓடுது?'