பார்ஜெட்டர் வீடு

பீட்சா கொண்டுவருபவர் இங்கே வரமாட்டார்.
சுற்றுச்சாலையோடு அவருடைய எல்லை முடிகிறது.
நட்சத்திரங்களும் முழுசாக வருவதில்லை;
குன்றுக்கு அந்தப் பக்கம் நகரம்
ராத்திரி முழுக்க ஆரஞ்சு வெளிச்சத்தை
வானத்தின் ஓரத்தில் கொட்டிவைக்கிறது.

நகரம் என்றால் ரொம்பக் கற்பனை செய்யவேண்டாம்.
ஒரு பேராலயம், ஒரு மருத்துவமனை,
ஞாயிறு நாலு மணிக்குக் கதவடைக்கும் சூப்பர் மார்க்கெட்.
பேராலயம் மட்டும் இல்லையென்றால்
அதையும் யாரும் நகரம் என்றிருக்கமாட்டார்கள்.
எட்டு மைல்.
கடைசிப் பேருந்து ஐந்து நாற்பதுக்கு.

இந்த இடத்துக்கு என்ன திணை சொல்வது?
வயல் உண்டு; உழுகிறவர் ஒரே ஒருவர்.
மற்ற நாற்பது வீடும்
காலை ஏழரைக்குக் கண்ணாடியில் பனியைச் சுரண்டிவிட்டு
கார் ஏறிப் போய்விடும்.
சாணக்குழம்பு தெளிக்கிற வாரத்தில்
அலுவலக லிஃப்டில் எல்லோரும்
என்னிடமிருந்து அரையடி தள்ளி நிற்பார்கள்.

வந்து மூன்று வருடம்.
வீட்டுக்கடன் என் பெயரிலும் கிளைவ் பெயரிலும்.
ஊருக்கு மட்டும் இது பார்ஜெட்டர் வீடு.
பார்ஜெட்டர்கள் காலிசெய்து முப்பத்தாறு வருடம் ஆகிறது.
"ஓ, பார்ஜெட்டர் வீட்டில் இருப்பவர்களா" என்கிறார்கள்,
அவர்கள் கடைக்குப் போயிருப்பதுபோலவும்
நாங்கள் பூனைக்குப் பால் வைக்க வந்ததுபோலவும்.

எரிவாயுக் குழாயும் சுற்றுச்சாலையோடு நின்றுவிட்டது.
கொல்லையில் பச்சைத் தொட்டி, தொட்டியில் மண்ணெண்ணெய்.
ஊரே சேர்ந்து மொத்தமாக வாங்கினால்
லிட்டருக்கு நாலு பென்னி மிச்சம்.
கணக்கு வினிஃப்ரெட் ஹோட்சன் கையில்.
மூன்றாம் வியாழனுக்குள் பெயர் கொடுக்கவேண்டும்.
ஜனவரியில் நாங்கள் மறந்துபோனோம்.

எதிர்ப் பண்ணை ரோலண்ட் ட்வைட்
அதுவரை எங்களிடம் பேசியது கடிதத்தில்தான்.
தபால்தலை இல்லாமல் அவரே போட்டுவிட்டுப் போவார்.
உங்கள் உயிர்வேலி சந்துக்குள் சாய்கிறது.
என் டிராக்டர் கண்ணாடி உடைந்தது.
மூன்றாவதன் அடியில்:
நகல், ஊர் மன்றத்துக்கு.

சனிக்கிழமை இரவு பாய்லர் இருமிவிட்டு அணைந்தது.
அவன் கதவைத் திறந்துவைத்து
அதன் முன்னால் கோட்டோடு உட்கார்ந்திருந்தோம்.
யார் மறந்தது என்ற பேச்சு
ஒன்பது மணிக்கு ஆரம்பித்து
பத்தேகாலுக்கு என் அம்மாவரை போயிருந்தது.

பத்தரைக்குக் கதவு தட்டல்.
இரண்டு கையிலும் இரண்டு கேன்.
"மத்தியானத்திலிருந்து உங்கள் குழாயில் ஆவியைக் காணோம்"
என்றார் ட்வைட்.
எங்கள் புகைக்குழாயை ஒருவர்
மத்தியானத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.
அதைப் பாசம் என்பதா வேவு என்பதா
எனக்கு இன்னும் தெரியவில்லை.

தொட்டியில் ஊற்றினார்.
டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு
ஸ்பேனரால் காற்றை வெளியேற்றினார்.
டீ வேண்டாம் என்றார்.
பணத்தை நீட்டிய கிளைவின் கையை
யாரோ தொலைத்த கையுறையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.
வாசலில் நின்று ஒன்றே ஒன்று:
"வேலியை பிப்ரவரிக்குள் வெட்டிவிடுங்கள்.
மார்ச் பிறந்தால் குருவி கூடு கட்டும்,
அப்புறம் தொடக்கூடாது."

செவ்வாயன்று எண்ணெய் லாரி வந்தது.
நாங்கள் சொல்லவில்லை;
வினிஃப்ரெட் தானாகவே ஐந்நூறு லிட்டர் எழுதியிருக்கிறார்.
ஓட்டுநர் ரசீதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"பார்ஜெட்டர்?"
மழை பிடித்துக்கொண்டிருந்தது.
"ஆமாம்" என்று கையெழுத்துப் போட்டேன்.

வேலி இன்னும் பாதிதான் ஆகியிருக்கிறது.
ரம்பம் மழுங்கிவிட்டது.
முள்ளுக்குள் ஏதோ ஒன்று
ஈரப் புல்லை வாயில் வைத்துக்கொண்டு
இடம் பார்க்கிறது.
இன்று தேதி இருபத்தாறு.