பாக்கி

மஸ்திஷ்க மரணம் என்றாள் டாக்டர்.
முன்பாதி எனக்குப் புரியவில்லை.
பின்பாதிக்கு
களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்
ஒரே சொல்தான்.

ஆறு மணி நேரம் விட்டு
இரண்டாம் தடவையும் மூச்சுக்குழாயைக் கழற்றிப் பார்த்தார்கள்.
நெஞ்சு எழும்பவில்லை.
மாட்டியதும் எழும்பியது,
உச்சைக்கு உறங்குகிறவன் நெஞ்சு மாதிரியே.
அந்த ஏமாற்றுக்கு முன்னால்
ஒரு பெண் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து
மெதுவாகக் கேட்டாள்.
கேட்கும்போது என் கையைப் பிடிக்கவில்லை.
நல்லவேளை.

சோபனதாஸ், வயது முப்பத்தாறு,
கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தவன் என்று
அடக்க ஆராதனையில் சொன்னார்கள்.
பொய்.
குழித்துறையில் டயர்க்கடைக்கு நாலாயிரத்துச் சில்லறை,
சீட்டுக்காரிக்கு ஏழு தவணை,
பாறசாலை மச்சினனுடைய ஏணி.
வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம்
அவனுக்கு இல்லை.
விழுந்த பைக்கும் இரவல்தான்.
ஹெல்மெட் கூடவே வந்திருந்தது,
டேங்கின்மேல் கிடந்தது.

ஆனால் ரப்பர் வெட்டத் தெரிந்தவன்.
பட்டையில் எவ்வளவு ஆழம் போகலாம்,
எங்கே நிறுத்தினால் மரம் பிழைக்கும் என்று
இருட்டிலேயே கத்திக்குத் தெரியும்.
அந்தக் கணக்குத் தெரிந்தவர்கள்
அவனை வெட்டட்டும் என்று நினைத்தேன்.

மாமிதான் வராந்தாவில் கத்தினாள்:
"கண்ணையும் எடுத்தா, எக்காளம் ஊதும்போ
எம்பிள்ள ஆண்டவர எத வச்சுப் பாப்பான்?"
எல்லோரும் திரும்பினார்கள்.
கமிட்டிக்காரர் ஞானாபரணம் தொண்டையைச் செருமினார்.
அவரிடம் வசனம் இல்லை.

என்னிடமும் இல்லை.
அண்டி ஆப்பீஸில் பருப்பு உடைக்கிறவள் நான்.
சண்டே கிளாஸ் சுவரில் இருந்த
ஒரு படம்தான் நினைவுக்கு வந்தது:
உயிர்த்தெழுந்து வந்தவர் கையை நீட்டுகிறார்,
துளை அப்படியே இருக்கிறது.

சாவையே புரட்டிப் போட்டவருக்கு
அதை மூடத் தெரியாதா, மாமி?
மூடவில்லையே.
அதைக் காட்டித்தானே
நான்தான் வந்திருக்கிறேன் என்றார்.
உங்கள் மகனையும் அப்படித்தான்
அங்கே அடையாளம் கண்டுபிடிப்பார்கள்.

அவள் என் தோளில் ஓங்கி அடித்தாள்,
ஒரே தடவை.
பிறகு, ஆஸ்பத்திரிப் பேனா எழுதாமல் போனபோது
தன் பையைத் துழாவி
வேறொன்று எடுத்துக் கொடுத்தாள்.

அண்டிப்பால் தின்ற என் விரலை
எந்த மெஷினும் ஏற்றதில்லை.
கையெழுத்துப் போட்டேன்.
விஜிலாபாய் என்று,
பள்ளிக்கூடத்தில் எழுதியதுபோல் முழுசாக.

வாங்குகிறவர் பெயரைச் சொல்லமாட்டோம் என்றார்கள்.
ஜாதி, சபை, ஊர், எதுவும்.
மழை பெய்கிறவரும்
அதையெல்லாம் கேட்டுப் பெய்வதில்லை.
ஆனாலும் ஒன்று கேட்டேன்:
சின்னப் பிள்ளை யாராவது உண்டா?
அந்தப் பெண் பதில் சொல்லவில்லை,
பார்வையை மட்டும் தாழ்த்தினாள்.
அதை ஆமாம் என்று வைத்துக்கொண்டேன்.

வடக்கே அவன் இருதயம் போன பாதையில்
சிக்னலெல்லாம் நின்று வழிவிட்டதாம்.
தெற்கே நாங்கள் அவனோடு வந்தபோது
செக்போஸ்ட்டில் நிறுத்தி டார்ச் அடித்தார்கள்.
ரேஷன் அரிசியும் கோழிக்கழிவும் கடக்கிற இடம்,
அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.
"எந்தா உள்ளில்?"
என் ஆள், என்றேன்.
மீதி, என்று சொல்ல வந்தது.
சொல்லவில்லை.

அடுத்த மாதத் திருவிருந்தில்
ஐயர் அப்பத்தைப் பிட்டார்.
எத்தனை வருஷமாய்ப் பார்க்கிறேன்,
பிட்கும்போது ஒரு சத்தம் வரும் என்பதை
அன்றுதான் கேட்டேன்.
கை நீட்டி வாங்கினேன்.
ஒன்றும் செய்யாமல் வாங்குகிறவளாய்,
பெயர் தெரியாத அந்தப் பிள்ளைபோல.

டயர்க்கடைக்காரர் வேண்டாமென்று கும்பிட்டார்.
"உயிரையே குடுத்தவனுக்கு என்ன கணக்கு, மோளே?"
கொடுத்தது வேறு,
கடன் வேறு, என்றேன்.
நோட்டை எண்ணி வைத்தேன்.
வெகுநேரம் தேடி அவன் பெயரை எடுத்து
குறுக்கே கோடு போட்டு
நாற்பது ரூபாய் மிச்சம் தந்தார்.

ஏணி இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில்தான் சாய்ந்திருக்கிறது.