கடைமடை என்றொரு சர்வர்

தை ஏழாம் தேதி, காலை ஒன்பதே கால்.
திருத்துறைப்பூண்டியில் எங்கள் தளம் படுத்துவிட்டது.
ஆத்தூரிலிருந்து வந்த அறுவடை மெஷின்கள்
பைபாஸ் ஓரம் வரிசையாய் நிற்க,
எந்த மெஷின் எந்த வயலுக்கு என்று சொல்ல வேண்டிய பக்கம்
ஐந்நூற்று மூன்று என்ற எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது.
டிரைவர் பழனிராசு போன் செய்தார்:
"ஏக்கா, ஐநூத்தி மூணுங்கறது மணிக்கு வாடகையா?"

வருஷத்துக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
அந்தக் காசுக்கு முந்நூறு தளங்களோடு
ஒரே எந்திரத்தில் ஒண்டுக்குடித்தனம்.
எங்கோ ஒரு ஜவுளிக்கடை தள்ளுபடி போட்டால்
எங்கள் வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோகும்.
கடைமடைக்காரிக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.
மேலே யாரோ ஷட்டரைத் திறந்துகொள்கிறார்கள்.
நமக்கு வந்து சேர்வது ஈரம்.

அன்றிரவு சிமெண்ட் கடை மாடியில்
நானும் ஜெசிந்தாவும் உட்கார்ந்தோம்.
முழு எந்திரத்தை வாடகைக்கு எடுக்கக் கட்டாது.
மெய்நிகர் சர்வர் என்றால்
பெரிய எந்திரத்தில் வரப்பு போட்டு நமக்கொரு பங்கு.
வயலில் போட்ட வரப்பா, நோட்டீசில் போட்ட வரப்பா,
அதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

எட்டு ஜிபி ராம் என்றான் ஒருவன், அநியாய மலிவு.
"பத்துப் பேருக்கு வித்த மனைடி இது,"
ஜெசிந்தா சிரித்தாள்.
சிரித்துக்கொண்டே ஒரு மாதத்துக்கு வாங்கினாள்.
பக்கத்துக் குடிகள் நம்மிடம் திருடிய நேரம் என்று
சர்வரே சொல்லும் ஓர் எண் உண்டு.
ராத்திரி பதினொன்றுக்கு நான்கு.
விடிந்து கடை திறக்கும் நேரம் இருபத்தாறு.

இன்னொருவனின் எந்திரம் பிராங்க்பர்ட்டில்.
போய்வர நூற்றைம்பது மில்லிசெகண்டு.
கோட்டூரில் ஒற்றைக் கோடு சிக்னலுக்காக
களத்துமேட்டில் ஏறி போனைத் தூக்கிப் பிடிப்பவருக்கு
அதுவும் ஒரு தூரம்தான்.
மும்பை பரவாயில்லை.
சென்னை இன்னும் கிட்டே,
ஆனால் சென்னையும் நாங்களும் ஒரே கடலோரம்.
கஜா அடித்த வருஷம்
இருபத்திரண்டு நாள் கரண்ட் இல்லாமல்
சாய்ந்த தென்னைகளை எண்ணிக் கணக்கெழுதியவள் நான்.
நகல் வேறு ஊரில் இருக்கட்டும் என்றேன்.
விதைநெல்லைச் சோற்றுநெல்லோடு
ஒரே குதிரிலா கொட்டுவார்கள்?

கடைசியில் மிஞ்சிய மூன்று பேருக்கும்
இரவு இரண்டு நாற்பதுக்கு ஒரே கேள்வியை அனுப்பினோம்:
சர்வர் விழுந்து எழுந்தால் டேட்டாபேஸ் தானே எழுமா?
இரண்டே நொடியில் ஒரு பதில்,
"உங்கள் கேள்வி எங்களுக்கு மிக முக்கியமானது."
ஒன்று மறுநாள் மதியம், வேறு திட்டத்தின் விலைப்பட்டியல்.
மூன்றாவது பதினெட்டு நிமிஷம் கழித்து,
பூனாவிலிருந்து சுபாங்கி என்றொருத்தி:
"எழாது. நீங்கள்தான் அமைக்க வேண்டும். இப்படி."
எழாது என்ற சொல்லுக்காகவே
அவளிடம் பணம் கட்டலாம் போலிருந்தது.

அளவில்தான் சண்டை வந்தது.
ஜெசிந்தாவுக்கு எட்டு கோர் வேண்டும்.
தை மாசி நாற்பது நாள் ஓடும் ஆற்றுக்கு
ஆடி வரைக்கும் நான் வாடகை கட்டுவதா?
ராமையும் கோரையும் ஏற்றலாம், பிறகு இறக்கலாம்,
டிஸ்கை மட்டும் பெரிதாக்காதீர்கள்,
அது பெருத்தால் இளைக்காது என்று
சுபாங்கி முன்பே எழுதியிருந்தாள்.
இரண்டு கோர், நான்கு ஜிபி, மும்பை.
ஜெசிந்தா அரை மணி நேரம் பேசவில்லை.

பிறகு கறுப்புத் திரை.
சர்வருக்குப் பெயர் வை என்றது.
என்னைக் கேட்காமல் அவளே அடித்தாள்:
கடைமடை.

பதினோராம் தேதி பழனிராசு மறுபடியும் கூப்பிட்டார்.
"தொறக்குதுக்கா. தொட்டதும் தொறக்குது.
ஆனா இங்க மழை புடிச்சிருச்சு."
ஜன்னலை நான் அப்புறம்தான் பார்த்தேன்.
வரிசையில் நின்ற மெஷின்கள்மேல் தார்ப்பாய்.
சாய்ந்த கதிர்களில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.
திரையில் சர்வரின் சுமை
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு.